ஒரே வீடு, பல சாயல்

குழந்தை பிறந்த வீட்டுக்குப் போகும் உறவினர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “பிள்ளை யார் சாயல்?” அப்பாவை அப்படியே உரித்து வைத்திருக்கிறான் என்பார் ஒருவர். மூக்கு மட்டும் பாட்டியுடையது என்பார் இன்னொருவர். நிறம் யாரைப் போலவும் இல்லையே என்று மெல்லச் சொல்லிவிட்டு நகர்பவரும் உண்டு. தாயும் தந்தையும் வெவ்வேறு இனத்தவராக இருந்துவிட்டால் இக்கேள்வி வீட்டோடு நிற்பதில்லை. பள்ளியிலும் கடையிலும் பேருந்திலும் அந்தப் பிள்ளையைப் பின்தொடர்கிறது. “நீ என்ன இனம்?” என்று முன்பின் தெரியாதவர்கூடக் கேட்கிறார்.

ஒரு பிள்ளையின் முகமும் நிறமும் முடியும் எவ்வாறு அமைகின்றன? அவற்றைப் பார்த்து அப்பிள்ளை யாரென்று சொல்லிவிட முடியுமா? நமது நாட்டின் தோட்டப்புற வரலாற்றையும் மரபணுவியலையும் துணையாகக் கொண்டு இக்கேள்விகளுக்கு விடை தேடுவோம்.

தோட்டப்புறத்தில் ஒரு வரலாறு

சிலாங்கூர் மாநிலத்தின் வடபகுதியில் சுங்கை பஞ்சாங், சபாக் பெர்ணம், செக்கிஞ்சான், தஞ்சோங் காராங், கோல சிலாங்கூர் ஆகிய ஊர்கள் உள்ளன. நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் செம்பனைத் தோட்டங்களும் நிறைந்த வட்டாரம் இது. மலாய்க்காரர், ஜாவா வழியினர், சீனர், தமிழர் எனப் பலரும் இங்கு வாழ்கின்றனர். சந்தையில் ஒருவர் பக்கத்தில் ஒருவர் கடை போடுகிறார்கள். பள்ளியில் ஒரே மேசையில் அமர்கிறார்கள். இவ்வாறு பலர் அருகருகே வாழும் இடங்களில் கலப்புத் திருமணங்கள் நடப்பது இயல்பே.

ஆனால், நம் நாட்டுத் தமிழ்க் குடும்பங்களில் சீனச் சாயல் வந்து சேர்ந்ததற்குத் திருமணம் மட்டும் காரணம் இல்லை. மலாயாவில் 1940களிலும் 1950களிலும் பல சீனக் குடும்பங்கள் தங்கள் பெண் குழந்தைகளைத் தமிழ்க் குடும்பங்களிடம் வளர்க்கக் கொடுத்தன. ஜப்பானியர் ஆட்சிக்காலத்தின் பஞ்சமும் அதற்குப் பின் தொடர்ந்த வறுமையும் இதற்கு முக்கியக் காரணங்கள். பிறந்த நேரம் குடும்பத்துக்கு ஆகாது என்ற நம்பிக்கையால் கொடுக்கப்பட்ட குழந்தைகளும் இருந்தனர். பிள்ளையில்லாத வீடுகளும், ஏற்கெனவே பிள்ளைகள் இருந்த வீடுகளும்கூட அக்குழந்தைகளை வாரி அணைத்துக்கொண்டன.

அப்பெண்கள் தமிழ்ப் பெயரோடு வளர்ந்தார்கள். தமிழ் பேசினார்கள்; சேலை உடுத்தினார்கள்; பொங்கல் வைத்தார்கள்; தோட்டக் கோயில் திருவிழாவில் பால்குடம் எடுத்தார்கள். பலர் தமிழரையே மணந்து தாயும் பாட்டியும் ஆனார்கள். அவர்களுடைய பிள்ளைகள் பேச்சாலும் பழக்கத்தாலும் முற்றிலும் தமிழ்ப் பிள்ளைகள். உயிரியல் கணக்கிலோ பாதி மரபணுக்கள் சீனத் தாயிடமிருந்தும், பாதி தமிழ்த் தந்தையிடமிருந்தும் வந்தவை. பேரப்பிள்ளைகள் காலத்தில் இக்கணக்கு மேலும் விரிகிறது. ஒரே வீட்டில் ஒரு பேத்திக்குப் பாட்டியின் கண்ணும், அவளுடைய தம்பிக்குத் தாத்தாவின் நிறமும் அமைவதுண்டு.

ஒரே அம்மா, ஒரே அப்பா, ஒரே உலைச் சோறு. பிறகு ஏன் இந்த வேறுபாடு?

மரபணு என்னும் செய்தி

நமது உடல் கோடிக்கணக்கான உயிரணுக்களால் ஆனது. ஏறத்தாழ ஒவ்வோர் உயிரணுவின் உட்கருவிலும் 46 குரோமோசோம்கள் உள்ளன. இவை 23 சோடிகளாக அமைந்திருக்கும். ஒவ்வொரு சோடியிலும் ஒன்று தாய் தந்தது. மற்றொன்று தந்தை தந்தது. குரோமோசோம்களில் வரிசையாக அமைந்துள்ள செய்திகளே மரபணுக்கள். புரதங்களை உருவாக்கும் மரபணுக்கள் மனிதரிடம் ஏறத்தாழ 20,000 உள்ளன.

ஒரே மரபணு எல்லாரிடமும் ஒரே வடிவில் இருப்பதில்லை. ஓரிரண்டு எழுத்து மாறினால் சொல்லின் பொருள் மாறுவதுபோல, மரபணுவில் ஏற்படும் சிறு மாற்றம் அதன் வேலையையும் மாற்றக்கூடும். ஒரே மரபணுவின் இத்தகைய வெவ்வேறு வடிவங்களை ‘எதிருரு’ என்பர். தாயிடமிருந்து ஓர் எதிருருவும் தந்தையிடமிருந்து ஓர் எதிருருவும் பிள்ளைக்குக் கிடைக்கின்றன. இவ்விரண்டும் சேர்ந்து செயல்படும் விதமே பண்பைத் தீர்மானிக்கிறது.

இங்கு ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். எந்த இரண்டு மனிதரை எடுத்து ஒப்பிட்டாலும், அவர்களின் மரபணுச் செய்தியில் ஏறத்தாழ 99.9 விழுக்காடு ஒன்றாகவே இருக்கும். எஞ்சிய சிறு பகுதியில்தான் வேறுபாடுகள் உள்ளன. அந்த வேறுபாடுகளிலும் பெரும்பகுதி இனத்துக்கும் இனத்துக்கும் இடையே இருப்பதன்று. 1972ஆம் ஆண்டில் ரிச்சர்ட் லெவோன்டின் என்ற அறிவியலாளர் வெளியிட்ட ஆய்வின்படி, மனிதரிடையே காணப்படும் மரபணு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒரே மக்கட்குழுவுக்குள்ளேயே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் நிறமும் முடியும் அந்த வேறுபாட்டின் மிகச் சிறிய துண்டு. கண்ணில் முதலில் படுவதால் அது பெரிதாகத் தோன்றுகிறது.

பட்டாணிச் செடியும் மனிதத் தோலும்

மரபுப் பண்புகளுக்கு விதிகள் உண்டு என்பதை முதன்முதலில் எடுத்துக்காட்டியவர் கிரிகோர் மெண்டல். இன்றைய செக் குடியரசிலுள்ள புருனோ நகரத்து மடத்தில் துறவியாக வாழ்ந்த அவர், பட்டாணிச் செடிகளைப் பல ஆண்டுகள் வளர்த்து ஆராய்ந்தார். 1866இல் தம் முடிவுகளை வெளியிட்டார். நெட்டைச் செடியையும் குட்டைச் செடியையும் கலந்தபோது முதல் தலைமுறைச் செடிகள் அனைத்தும் நெட்டையாகவே வளர்ந்தன. அடுத்த தலைமுறையில் ஏறத்தாழ மூன்று நெட்டைக்கு ஒரு குட்டை என்ற விகிதத்தில் குட்டைச் செடிகள் மீண்டும் தோன்றின. குட்டைப் பண்பு மறைந்திருந்ததே தவிர அழிந்துவிடவில்லை. வெளிப்பட்ட பண்பை ஓங்கு பண்பு என்றும், மறைந்து நின்றதை ஒடுங்கு பண்பு என்றும் கூறுவர்.

மனிதரின் தோல்நிறம் இவ்வளவு எளிதாக இருந்தால், பிள்ளைகள் ஒன்று தாயின் நிறத்தில் பிறப்பார்கள். அல்லது தந்தையின் நிறத்தில் பிறப்பார்கள். உண்மை அப்படி இல்லை. தோல்நிறத்தைத் தீர்மானிப்பதில் பல மரபணுக்கள் பங்கு கொள்கின்றன. ஒவ்வொன்றும் நிறத்தைச் சிறிது கூட்டும் அல்லது குறைக்கும். உயரமும் இவ்வாறு பல மரபணுக்களால் அமையும் பண்பே.

இதை வகுப்பிலேயே சோதித்துப் பார்க்கலாம். நிறத்தை இரண்டு மரபணுக்கள் மட்டுமே தீர்மானிக்கின்றன என்று எளிமைக்காக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் தந்தையிடமிருந்து இரண்டும் தாயிடமிருந்து இரண்டுமாக நான்கு எதிருருக்கள் கிடைக்கும். ஒரு தாய்க்கு நான்கும் நிறத்தைக் கூட்டுபவை என்போம். தந்தைக்கு நான்கும் நிறத்தைக் கூட்டாதவை. அவர்களின் பிள்ளைகள் அனைவருக்கும் இரண்டு கூட்டுபவையும் இரண்டு கூட்டாதவையும் கிடைக்கும். எனவே, எல்லாரும் இடைப்பட்ட நிறத்தில் இருப்பார்கள்.

இப்போது, இப்படி இடைப்பட்ட நிறமுடைய இருவர் வெவ்வேறு குடும்பங்களிலிருந்து வந்து திருமணம் செய்துகொள்கின்றனர். அவர்களின் பிள்ளைகள் எப்படி இருப்பார்கள்? நான்கு நாணயங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு தந்தையுடையவை, இரண்டு தாயுடையவை. நான்கையும் ஒரே நேரத்தில் சுண்டுங்கள். எண் பக்கம் விழுந்தால் நிறம் கூட்டும் எதிருரு. மறுபக்கம் விழுந்தால் கூட்டாத எதிருரு. விழக்கூடிய வகைகள் மொத்தம் 16. அவற்றில் நான்கும் எண்ணாக விழுவது ஒரே முறை. மூன்று எண்ணாக விழுவது நான்கு முறை. இரண்டு எண், இரண்டு மறுபக்கம் என விழுவது ஆறு முறை. ஒன்று மட்டும் எண்ணாக விழுவது நான்கு முறை. ஒன்றுகூட எண்ணாக விழாதது ஒரே முறை.

அதாவது, பெரும்பாலான பிள்ளைகள் இடைப்பட்ட நிறத்தை ஒட்டி இருப்பார்கள். எனினும், பெற்றோர் இருவரையும்விடக் கறுப்பான பிள்ளையோ இருவரையும்விட வெளிர்நிறமான பிள்ளையோ பிறப்பதற்கும் இடமுண்டு. இதில் வியப்பதற்கும் ஒன்றுமில்லை, ஐயப்படுவதற்கும் ஒன்றுமில்லை. உண்மையில் இரண்டு மரபணுக்கள் மட்டுமல்லாமல் இன்னும் பல மரபணுக்கள் சேர்வதால், ஐந்து படிகளுக்குப் பதிலாக எண்ணற்ற நிறச் சாயல்கள் தோன்றுகின்றன.

நிறத்தின் கதை

தோலுக்கு நிறம் தரும் பொருள் மெலனின். தோலிலுள்ள சிறப்பு உயிரணுக்கள் இதனை உருவாக்குகின்றன. கறுத்த தோலுடையவருக்கும் வெளிர்நிறத் தோலுடையவருக்கும் இவ்வுயிரணுக்களின் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு கிடையாது. உருவாகும் மெலனினின் அளவிலும் வகையிலும்தான் வேறுபாடு உள்ளது. மெலனின் வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் குடைபோன்றது. வெயில் மிகுந்த நிலப்பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மக்களுக்கு அடர்த்தியான குடை தேவைப்பட்டது. வெயில் குறைந்த வடபகுதிகளிலோ உடலில் வைட்டமின் டி உருவாகக் கதிர்கள் ஓரளவு உட்புக வேண்டியிருந்தது. அங்கு வெளிர்நிறம் பயன் தந்தது. ஆகவே, நிறம் என்பது நம் முன்னோர் வாழ்ந்த வானிலையின் தடம். அறிவுக்கோ பண்புக்கோ அது அளவுகோல் ஆகாது.

நிற மரபணுக்களில் ஒன்றைக் கண்டுபிடிக்க உதவியது ஒரு சிறு மீன். அதற்கு வரிக்குதிரை மீன் என்று பெயர். அவ்வினத்தில் வரிகள் வெளிறிய ஒரு வகை மீனை அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்தனர். 2005இல் வெளியான அவ்வாய்வு, எஸ்.எல்.சி.24ஏ5 என்ற மரபணுவில் ஏற்பட்ட மாற்றமே மீனின் வெளிறலுக்குக் காரணம் என்று காட்டியது. இதே மரபணு மனிதரிடமும் உண்டு. அதன் வெளிர்நிற எதிருரு ஐரோப்பியரிடம் மிகப் பரவலாகக் காணப்படுகிறது.

இந்த எதிருரு தென்னிந்தியர் உட்பட இந்தியர் பலரிடமும் இருக்கிறது. இந்தியரிடமும் ஐரோப்பியரிடமும் உள்ள இவ்வெதிருரு ஒரே பழைய மூதாதையரிடமிருந்து வந்தது என்பதை 2013இல் இந்திய, எஸ்தோனிய ஆய்வாளர்கள் இணைந்து வெளியிட்ட ஆய்வு எடுத்துரைத்தது. ஒரே தமிழ்க் குடும்பத்தில் ஒருவரைக் கறுப்பு என்றும், ஒருவரை மாநிறம் என்றும், ஒருவரைச் சிவப்பு என்றும் சொல்கிறோம். கலப்புத் திருமணம் நடக்காத வீடுகளிலும் இவ்வேறுபாடு காணப்படுவதற்கு இவ்வெதிருருவும் ஒரு காரணம்.

சீனரிடம் இந்த வெளிர்நிற எதிருரு அரிது. அவர்களின் வெளிர்நிறத்துக்கு ஓ.சி.ஏ.2 முதலிய வேறு மரபணுக்களில் ஏற்பட்ட மாற்றங்கள் காரணமாகின்றன. இருவேறு மக்கள் இருவேறு வழிகளில் ஒரே மாதிரியான நிறத்தை அடைந்திருக்கின்றனர். கோல சிலாங்கூருக்குத் தலைநகரிலிருந்தும் வரலாம், கிள்ளானிலிருந்தும் வரலாம். ஊர் ஒன்றுதான், பாதை வேறு.

தமிழ்–சீனக் குடும்பங்களில் பிள்ளைகளின் நிறத்தை முன்கூட்டியே சொல்ல முடியாததற்கு இதுவே காரணம். தந்தையின் வழியாக ஒரு வகை வெளிர்நிற எதிருருவும், தாயின் வழியாக மற்றொரு வகையும் ஒரு பிள்ளைக்கு வந்து சேரலாம். அதே வீட்டில் இன்னொரு பிள்ளைக்குத் தந்தையிடமிருந்து நிறம் கூட்டும் எதிருருக்கள் மிகுதியாக வந்திருக்கலாம். அக்காள் வெளிர்நிறமாகவும் தம்பி கறுப்பாகவும் இருப்பது இப்படித்தான்.

மேலும், பிறந்த குழந்தையின் நிறம் நிலையானதன்று. மெலனின் போதிய அளவு உருவாகச் சில மாதங்கள் ஆகும். வெளிர்நிறமாகப் பிறந்த குழந்தை பின்னர் கறுப்பதுண்டு. நாளெல்லாம் வயலிலும் தோட்டத்திலும் வேலை செய்பவரின் தோல் வெயிலால் மேலும் கறுக்கும். ஆக, நிறம் மரபணுவும் வாழ்க்கையும் சேர்ந்து எழுதும் எழுத்து.

முடி, பல், கண்

சீன மக்களில் பெரும்பாலோருக்கு முடி தடித்தும் நேராகவும் இருக்கும். இதில் ஈ.டி.ஏ.ஆர். என்ற மரபணுவின் ஓர் எதிருருவுக்குப் பங்குண்டு. கிழக்காசிய மக்களிடம் இது மிகப் பரவலானது. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், இவ்வெதிருருவை எலிகளில் புகுத்திப் பார்த்தனர். அவ்வெலிகளின் முடி தடித்தது. வியர்வைச் சுரப்பிகளும் கூடின. மனிதரில் முன்பற்களின் பின்புறம் மண்வெட்டிபோலச் சற்றுக் குழிந்திருப்பதற்கும் இதே எதிருரு காரணமாகிறது. ஒரே மரபணு முடி, பல், வியர்வைச் சுரப்பி எனப் பல இடங்களில் வேலை செய்வதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

சீனப் பாட்டியிடமிருந்து இவ்வெதிருரு ஒன்றைப் பெற்ற தாய், தன் பிள்ளைகளில் ஒருவருக்கு அதனைக் கடத்தலாம். இன்னொருவருக்குக் கடத்தாமலும் போகலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு சரிபாதி. பேத்திக்கு நேர்முடியும் பேரனுக்குச் சுருண்ட முடியும் அமைந்தால், அது எண் பக்கமும் மறுபக்கமும் மாறி விழுந்த நாணயம்போன்றதே.

கண்ணின் அமைப்பு இன்னும் சிக்கலானது. இமையின் மடிப்பைப் பல மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. சீனரிலேயே பலருக்கு இமை மடிப்பு தெளிவாக இருக்கும், பலருக்கு இராது. ஆகவே, கண்ணைப் பார்த்து இனத்தைச் சொல்ல முயல்வோர் அடிக்கடி தவறிவிடுகின்றனர். ஆனால், கண்மணியின் நிறத்தில் பெரிய மாற்றம் எதுவும் நேர்வதில்லை. தமிழரிடமும் சீனரிடமும் பெரும்பாலும் கரும்பழுப்பு நிறமே உள்ளது. இரு பக்கத்திலும் ஒரே வகை எதிருரு இருக்கும்போது எப்படிக் குலுக்கினாலும் விளைவு மாறாது.

உடன்பிறந்தோர் ஏன் வேறுபடுகின்றனர்?

ஒவ்வொரு சோடிக் குரோமோசோமிலிருந்தும் ஒன்றை மட்டுமே தந்தை தம் பிள்ளைக்குத் தருகிறார். 23 சோடிகளிலும் இவ்வாறு ஒன்றைத் தேர்ந்தெடுக்க 83,88,608 வழிகள் உள்ளன. தாய்க்கும் அத்தனை வழிகள். இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 70 இலட்சம் கோடி வகைகள் வருகின்றன. அதோடு, சோடியாக உள்ள குரோமோசோம்கள் தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்வதும் உண்டு. இதனைக் குறுக்கேற்றம் என்பர். இதையும் சேர்த்தால் வகைகள் கணக்கில் அடங்கா. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஒரே மாதிரி இல்லையே என்று வியக்கிறோம். கணக்கைப் பார்த்தால், ஓரளவாவது ஒத்திருப்பதுதான் வியப்பு.

பிள்ளைக்குத் தாயிடமிருந்து பாதி, தந்தையிடமிருந்து பாதி என்பது உறுதியான கணக்கு. பாட்டியிடமிருந்து கால்பங்கு என்பது சராசரிக் கணக்கு மட்டுமே. ஒரு பேத்திக்கு அதைவிடக் கூடுதலாகவும், அவள் தம்பிக்குக் குறைவாகவும் வந்திருக்கலாம். எந்தப் பகுதி வந்தது என்பதும் ஆளுக்கு ஆள் மாறும்.

இரட்டையரிடம்கூட இவ்வேறுபாடு தோன்றும். 2018 ஏப்ரல் மாத நேஷனல் ஜியோகிராபிக் இதழின் அட்டையில் இங்கிலாந்தைச் சேர்ந்த இரட்டைச் சகோதரிகள் இருவரின் படம் வெளியானது. அவர்களின் தந்தை ஜமைக்கா வழியினர், தாய் ஆங்கிலேயர். ஒருத்திக்குக் கறுத்த தோலும் கருமுடியும்; மற்றவளுக்கு வெளிர்நிறத் தோலும் பொன்னிற முடியும். இருவரும் தனித்தனிக் கருமுட்டையிலிருந்து பிறந்தவர்கள். ஆகவே, மரபணுவைப் பொறுத்தவரை வெவ்வேறு ஆண்டுகளில் பிறந்த உடன்பிறப்புகளைப் போன்றவர்களே. தாய்வயிற்றில் ஒன்றாக இருந்தவர்களுக்கே இப்படி என்றால், ஈராண்டு இடைவெளியில் பிறந்த அக்காள் தம்பியைக் கேள்வி கேட்பது என்ன நியாயம்?

மரபணு தராதவை

தோட்டப்புறத்துச் சீன மகள்கள் நமக்கு இன்னொரு பாடத்தையும் கற்பிக்கின்றனர். அவர்களின் முகம் பெற்றவர் தந்தது. மொழியோ வளர்த்தவர் தந்தது. தமிழ் பேச வைக்கும் மரபணு ஒன்றும் கிடையாது. மண்டரின் பேச வைக்கும் மரபணுவும் கிடையாது. எந்தக் குழந்தையும் தன்னைச் சுற்றிப் பேசப்படும் மொழியைக் கற்றுக்கொள்ளும் ஆற்றலோடுதான் பிறக்கிறது. தாலாட்டும் கதையும் உணவும் வழிபாடும் குரோமோசோம் வழியே வருவதில்லை. அவை வீட்டிலிருந்து வருபவை.

மலாக்கா செட்டிகளின் வரலாறும் இதனையே வேறு விதமாகக் காட்டுகிறது. மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வாணிகத்துக்கு வந்த தமிழர், இங்குள்ள பெண்களை மணந்து தங்கிவிட்டனர். அவர்களின் வழித்தோன்றல்களே மலாக்கா செட்டிகள். அவர்கள் வீட்டில் மலாய் மொழி பேசுகின்றனர். பெண்கள் கெபாயா அணிகின்றனர். ஆயினும், இந்துக்களாகவே வாழ்ந்து பொங்கலைக் கொண்டாடுகின்றனர். மலாக்கா ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் 1781 முதல் அவர்களின் வழிபாட்டுத் தலமாக இருந்து வருகிறது. மொழி ஒரு வழியிலும், சமயம் ஒரு வழியிலும், முகச்சாயல் பல வழிகளிலும் அவர்களிடம் வந்து சேர்ந்துள்ளன.

நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை எனப் போற்றப்படும் முன்ஷி அப்துல்லாவின் முன்னோரில் அரபியரும் தமிழரும் இருந்தனர். உலகச் சுவர்ப்பந்து வெற்றியாளர் பட்டத்தை எட்டு முறை வென்ற பினாங்கு வீராங்கனை நிக்கோல் டேவிட்டின் தந்தை இந்தியர், தாய் சீனர். ஒருவர் எழுத்தாலும் மற்றவர் உழைப்பாலும் அறியப்படுகின்றனர். அவர்களின் பெருமையை நிறத்தைக் கொண்டு யாரும் அளப்பதில்லை.

இதை ஏன் அறிந்துகொள்ள வேண்டும்?

முதலாவதாக, அறியாமை குடும்பங்களைக் காயப்படுத்துகிறது. “இந்தப் பிள்ளை யார் பிள்ளை?” என்று விளையாட்டாகக் கேட்கப்படும் கேள்வி ஒரு தாயின் நெஞ்சில் முள்ளாகத் தைக்கிறது. “உன்னை எங்கிருந்தோ தூக்கி வந்தார்கள்” என்று உறவினர் சொல்லும் கேலியை ஒரு பிள்ளை பல ஆண்டுகள் சுமக்கிறது. நான்கு நாணயங்களைச் சுண்டிப் பார்த்தவர் அவ்வாறு பேசமாட்டார்.

இரண்டாவதாக, முகத்தை வைத்துச் செய்யும் ஊகம் உடல்நலத்துக்கும் உதவாது. தாலசீமியா என்ற மரபுவழி இரத்தநோயை எடுத்துக்கொள்வோம். இது ஓர் ஒடுங்கு பண்பு. நோய் எதிருரு ஒன்றை மட்டும் கொண்டவர் பெரும்பாலும் நலமாகவே இருப்பார். அவரைக் ‘கடத்துநர்’ என்பர். கடத்துநர் இருவர் மணந்துகொண்டால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. நம் நாட்டின் எல்லா இனங்களிலும் கடத்துநர்கள் உள்ளனர். ஒருவரின் நிறத்தையோ கண்ணையோ பார்த்து இதனை அறிய முடியாது. இரத்தப் பரிசோதனை ஒன்றே வழி. அதனால்தான் நான்காம் படிவ மாணவர்களுக்கு இப்பரிசோதனை நடத்தப்படுகிறது. பள்ளிக்குச் சுகாதாரக் குழு வரும்போது, ‘எங்கள் குடும்பத்தில் அப்படி யாரும் இல்லை’ என்று ஒதுங்காமல் பெற்றோரின் ஒப்புதலோடு கலந்துகொள்வது அறிவுடைமை.

மூன்றாவதாக, நம் வகுப்பிலேயே இத்தகைய குடும்பங்களிலிருந்து வரும் தோழர்கள் இருக்கலாம். பெயர் தமிழாக இருக்கும். முகம் சீனமாகத் தோன்றும். அல்லது முகம் தமிழாக இருக்கும். வீட்டில் பாட்டியை ‘போப்போ’ என்று அழைப்பார்கள். ‘நீ பாதி இது, பாதி அது’ என்று அவர்களைப் பிரித்துப் பேசுவதை அவர்கள் விரும்புவதில்லை. மரபணுவைப் பாதியாகப் பங்கிடலாம். மனிதரைப் பங்கிட முடியாது. அவர்கள் தாய்க்கும் முழுப் பிள்ளை. தந்தைக்கும் முழுப் பிள்ளை.

இனி ஒரு குழந்தையைப் பார்க்கப் போகும்போதும் ‘யார் சாயல்?’ என்று கேட்பதில் தவறில்லை. அந்தச் சாயலில் பெயர் தெரியாத எத்தனையோ முன்னோர் சேர்ந்திருக்கிறார்கள் என்ற நினைவோடு கேட்டால் போதும். வறுமையில் மகளைக் கொடுத்த ஒரு தாய், வயிற்றில் சுமக்காத பிள்ளையை மார்பில் சுமந்த மற்றொரு தாய், கப்பலேறி வந்த ஒரு தாத்தா ஆகிய எல்லாரும் அந்தக் குழந்தைக்கு உறவுதான். அவர்களுள் யாருடைய மூக்கு, யாருடைய முடி என்பதை மரபணுக்களின் குலுக்கல் முடிவுசெய்துவிட்டது. அக்குழந்தை எந்த மொழியில் சிரிக்கும், எப்படிப்பட்ட மனிதராக வளரும் என்பது அதனை வளர்க்கும் நம் கையில் இருக்கிறது.

சிந்தித்துக் கூறுக

1. தோல்நிறம் பட்டாணிச் செடியின் உயரத்தைப் போல எளிதில் விளக்கக்கூடியதன்று. ஏன்?
2. நான்கு நாணயங்களை 16 முறை சுண்டி, கிடைக்கும் முடிவுகளைப் பட்டியலிடுக. பகுதியில் கூறப்பட்ட கணக்கோடு அவற்றை ஒப்பிட்டுக் கருத்துரைத்திடுக.
3. ‘முகம் பெற்றவர் தந்தது, மொழி வளர்த்தவர் தந்தது.’ இக்கூற்றைத் தோட்டப்புற வரலாற்றைக் கொண்டு விளக்குக.
4. உன் தோழி ஒருத்தியை அவளுடைய தோற்றத்தைக் காட்டிச் சிலர் கேலி செய்கின்றனர். இப்பகுதியில் கற்ற செய்திகளைக் கொண்டு அவர்களிடம் எவ்வாறு பேசுவாய்?